மேடவாக்கமா, தென்காசியா, தெருமுனை மாடி அறையா?

போன மாதம் என் சித்தி மகள் போன் செய்தாள். இனி நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அவளுடைய நிறுவனம் கடிதம் கொடுத்திருக்கிறது. சென்னை மேடவாக்கத்தில் அவள் குடியிருக்கும் ஒற்றைப் படுக்கையறை வீட்டின் 11 மாத ஒப்பந்தம் இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது. "அக்கா, மாசம் 14,000 வாடகை கொடுத்துட்டு இங்க எதுக்கு இருக்கணும்? பேசாம தென்காசிக்கே வந்துரட்டுமா?" என்று கேட்டாள்.

போனில் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அவள் முன்னால் இருக்கும் மூன்று வழிகளிலும் நான் இருந்து பார்த்திருக்கிறேன். 2020 மார்ச்சிலிருந்து ஓராண்டுக்கு மேல் மேடவாக்கத்துக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில். அப்புறம் இரண்டு ஆண்டு தென்காசியில் அம்மா வீட்டில். 2023 நடுவிலிருந்து அதே தென்காசியில், அம்மா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு எடுத்த ஒரு மாடி அறையில். காப்பீட்டு மென்பொருள் சோதிப்பது என் வேலை. அவளும் ஏறக்குறைய அதே வேலைதான். அதனால் எழுதியே அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் வாடகைக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆறு மாதத்துக்கு என்றால் அது சரி. பத்து வருடத்துக்கு என்றால் முதலில் கேட்க வேண்டியது வேறு: நான் வேலை பார்க்கும் எட்டு மணி நேரத்தை, கூட இருப்பவர்கள் வேலை நேரம் என்று நினைப்பார்களா? அடுத்து, நிறுவனம் மனம் மாறினால் எனக்குத் திரும்பிப் போக வழி இருக்கிறதா? வாடகை மூன்றாவது.

இப்படிச் சொல்வதற்கு என் அனுபவம் மட்டும் காரணம் இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பது பற்றிப் பேசும் எவரும் ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் சீனாவில் நடத்திய ஆய்வைத் தொடாமல் போவதில்லை. கொரோனாவுக்குப் பத்து வருடம் முந்தைய ஆய்வு அது. சீட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டர் ஊழியர்களில் விருப்பப்பட்டவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினரை ஒன்பது மாதம், வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க வைத்தார்கள். வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. இந்த 13 சதவீதத்தை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்தச் சோதனையில் யார் சேரலாம் என்பதற்கு ஒரு நிபந்தனை இருந்ததை யாரும் சொல்வதில்லை. வீட்டில் பிராட்பேண்ட் வேண்டும், வேலை பார்க்கத் தனி இடம் வேண்டும். கட்டிலில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. ஒன்பது மாதம் முடிந்ததும் விருப்பம்போல் தேர்ந்துகொள்ளுங்கள் என்று விட்டார்கள். வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள். அவர்கள் சொன்ன முக்கியமான காரணம் தனிமை. தனக்கு எது ஒத்துவரும் என்று தெரிந்து அவரவர் தேர்ந்துகொண்ட பிறகு, வேலைத்திறன் 22 சதவீதம் வரை கூடியது. ஒன்பது மாதம் இருந்து பார்த்த பிறகுதான் தங்களுக்கு எது சரி என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. மூன்று மாத அவகாசத்தில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு சாமானை லாரியில் ஏற்றுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருப்பது அதனால்தான்.

நிரந்தரம் என்ற சொல்

கடிதத்தில் இருக்கும் 'நிரந்தரமாக' என்ற சொல்லை நம்பி வீட்டை மாற்றாதீர்கள். டிசிஎஸ் 2020 ஏப்ரலில், 2025க்குள் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று அறிவித்தது. நாடு முழுக்க அதைப் பேசினார்கள். 2023 அக்டோபரிலேயே வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும் என்றாகிவிட்டது. அது அவர்கள் முடிவு, அதற்கு அவர்களுக்குக் காரணங்கள் இருக்கும். ஆனால் அவ்வளவு பெரிய நிறுவனத்தின் திட்டமே மூன்றரை வருடத்தில் மாறியது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் கணவருக்கும் ஒரு நிறுவனம் இப்படித்தான் கடிதம் கொடுத்தது. அதை நம்பித்தான் சென்னை வீட்டைக் காலி செய்தோம், மகளைத் தென்காசியில் பள்ளியில் சேர்த்தோம். இரண்டு வருடம் கழித்து, 30 நாளில் அலுவலகம் வரச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. அவர் இப்போது சென்னையில் ஒரு மேன்ஷனில் இருக்கிறார். மாதம் இரண்டு முறை பொதிகை ரயிலைப் பிடித்து வருகிறார். மகளுக்கு அப்பா என்றால் இப்போது சனி, ஞாயிறு. இதைக் குறையாகச் சொல்லிக்கொண்டிருக்க விரும்பவில்லை. ஆனால் முடிவு எடுக்கிறவர்களிடம் மறைப்பதும் சரியில்லை.

கடிதத்தில் பார்க்க வேண்டியது சில விஷயங்கள்தான். பேஸ் லொகேஷன், அதாவது நம் வேலைக்கு உரிய ஊர், என்று எந்த ஊர் போட்டிருக்கிறது? அலுவலகம் வரச் சொன்னால் எத்தனை நாள் அவகாசம்? ஊர் மாறினால் சம்பளம் மாறுமா? வேலை பார்க்கும் முகவரியை மாற்ற முன் அனுமதி வேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்வி பின்னால் மாடி அறையைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும். அவளுடைய கடிதத்தில் பேஸ் லொகேஷன் சென்னை என்றே இருக்கிறது. அவகாசம் பற்றி ஒரு வரியும் இல்லை. எச்ஆரிடம் (மனிதவளப் பிரிவு) மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

சென்னை வீட்டிலேயே இருப்பது

இதற்குச் சாதகமானவை தெளிவானவை. திரும்பக் கூப்பிட்டால் மறுநாள் போய் நிற்கலாம். அடுத்த வேலை தேடும்போது நேர்முகத்துக்கு லீவு போட்டு ரயில் ஏற வேண்டாம். ஒரு நெட் போனால் அதே தெருவில் இன்னும் மூன்று நிறுவனங்கள் கம்பி இழுத்து வைத்திருக்கும்.

அவளைப் பொறுத்தவரை இதில் பெரிய விஷயம் வேறு. தனியாக இருக்கிறாள், கதவு அவள் கையில் இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் தொடங்கி இரவு பதினொன்றுக்கு முடிந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. 27 வயதுப் பெண் ஊருக்குத் திரும்பினால் என்னென்ன பேச்சு வரும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் அதைப் போனில் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதினேன்: கல்யாணப் பேச்சை எதிர்கொள்ள இப்போது மனம் இல்லை என்றால் அதையும் ஒரு காரணமாக வைத்துக்கொள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் கட்டிலும் மேஜையும் ஒரே அறையில். நான் முதல் வருடம் அப்படித்தான் இருந்தேன். படுக்கையறையில் கணவர், ஹாலில் நான், சமையலறை மேடையில் மகளின் ஆன்லைன் வகுப்பு. வேலை முடிந்தது என்று உடம்புக்குத் தெரியவே தெரியாது. இரவு பத்து மணிக்கு லேப்டாப் கண்ணில் பட்டால் கை தானாகத் திறக்கும். தனியாக இருப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் வெள்ளிக்கிழமை மாலை லேப்டாப்பை மூடினால் திங்கட்கிழமை ஸ்டாண்டப் என்ற தினசரி மீட்டிங்கில்தான் மறுபடி வாய் திறந்து பேசுவதாகச் சொன்னாள். அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கரண்ட் கணக்கையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படிகளே மாறிவிடும், கீழ்ப்படிகளில் கிடைத்த மலிவு விலையும் போய்விடும். மேல்மாடி, மேற்கு வெயில், சித்திரை வைகாசி. ஏசி இல்லாமல் அந்த அறையில் உட்கார முடியாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டாலும் எட்டு மணி நேரம், மாதம் 22 நாள், இரண்டு மாதம், 352 யூனிட். அதுவரை அலுவலகத்து ஏசியில் இருந்ததால் வீட்டில் 200 யூனிட் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரேயடியாக 550இல் போய் நிற்பார்.

சென்னையிலேயே இருப்பது என்று முடிவு செய்தால் ஒற்றை அறையில் நீடிக்காதீர்கள். இன்னொரு அறை இருக்கும் வீட்டுக்கு மாறுங்கள். அவள் விசாரித்ததில் அதே பகுதியில் இரட்டைப் படுக்கையறை வீடு 20,000 என்றிருக்கிறார்கள். மாதம் 6,000 கூடுதல். தோழி ஒருத்தியோடு சேர்ந்து எடுத்தால் ஆளுக்கு 10,000தான், ஆனால் அப்போது அந்த இன்னொரு அறை தோழிக்குப் போய்விடும். தனி வேலையறைதான் நோக்கம் என்றால் மூன்று அறை வீட்டை இரண்டு பேர் எடுக்க வேண்டும்.

அம்மா வீடு

இதைப் பற்றி எழுதும்போது என் கை தயங்குகிறது. அந்த இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்தது அதிகம். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவில் நான் அந்த வீட்டில் இருந்தேன். மகள் ஆச்சியிடம் வளர்ந்தாள். ஆனியில் சாரல் தொடங்கினால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு டெஸ்ட் கேஸ் எழுதுவேன். குற்றாலத்துக் காற்றும் ஈரமும் அப்படியே மேஜைக்கு வரும். எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் சென்னையில் அது கிடைக்காது.

ஆனால் எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். தெருவாசலில் நுழைந்தால் தார்சா என்ற முன்கூடம், அடுத்து பட்டாசல் என்ற நடுக்கூடம், அதைத் தாண்டி அடுக்களை. எல்லாம் ஒரே கோட்டில் இருக்கும். வாசலில் நிற்பவருக்குப் புழக்கடை தெரியும். கதவு என்று இருப்பது முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும்தான். பட்டாசலின் ஓரத்தில் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்தேன். வந்தவர் போனவர் எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போவார்கள். தாண்டும்போது இரண்டு வார்த்தை பேசாமல் போனால் அது மரியாதை இல்லை. நான் பதில் சொல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் மரியாதை இல்லை.

"வீட்லதானே இருக்க." இந்த ஒரு சொல்லைத்தான் நீண்டகாலம் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள், அதிலும் பெண்கள், அதிகம் கேட்கிறோம். வீட்லதானே இருக்க, சிலிண்டர்காரன் வந்தா வாங்கி வை. வீட்லதானே இருக்க, பால் பொங்குதான்னு பாத்துக்கோ. வீட்லதானே இருக்க, மதினி வந்தா கொஞ்ச நேரம் பேசிக்கிட்டிரு. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் ஒரு சோதனையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்து மறுபடி உட்கார்ந்தால், விட்ட இடத்தைப் பிடிக்க இன்னொரு கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தை இரவில்தான் ஈடுகட்ட வேண்டும். இரவு ஒன்பதரைக்கு அந்த வீட்டில் விளக்கை அணைத்துவிடுவார்கள். அமெரிக்காக்காரர்களோடு கால் என்றால் நான் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும். அப்பா பட்டாசலில்தான் படுப்பார்.

2022 ஜனவரியில் ஒரு ரிலீஸ் நாள், மென்பொருள் வாடிக்கையாளருக்குப் போகும் நாள். உறவில் ஒரு பெரியவர் வந்திருந்தார். அம்மா காப்பி கொடுக்கக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்து, பார்க்க வேண்டிய ஒரு பட்டியலில் இரண்டு வரியைப் பார்க்காமலே பார்த்ததாகக் குறித்துவிட்டேன். பிழை அப்படியே வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தது. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு அம்மாவிடம் கோபப்பட்டேன். அம்மா சொன்ன பதிலை இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். "நீ ஆபீஸ் போனா நான் கூப்பிடவா செய்வேன்? கண்ணு முன்னால இருக்க, கூப்பிட்டுட்டேன்."

அம்மா சொன்னது நியாயம். அறுபது வருடமாக, வீட்டில் இருப்பவர் என்றால் வீட்டு வேலைக்கு இருப்பவர் என்றே பழகிய ஒருவரிடம், திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகளைக் காணாதவளாக நினைத்துக்கொள் என்று எப்படிச் சொல்வது? அட்டையில் 'மீட்டிங்' என்று எழுதித் தொங்கவிட்டேன், ஹெட்செட் போட்டிருந்தால் பேசாதே என்று சொன்னேன். ஒரு வாரம் நடக்கும். பிறகு பழையபடிதான்.

அப்புறம் கரண்ட், நெட். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு பகல் போகும். அது முந்தின நாளே செய்தித்தாளில் வந்துவிடும், சமாளிக்கலாம். ஆனி ஆடிக் காற்றில் தென்னை மட்டை கம்பியில் விழுந்து போவதற்குத்தான் நேரம் காலம் கிடையாது. இன்வெர்ட்டர் இல்லாமல் இந்த ஊரில் வேலையைத் தொடங்காதீர்கள். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரி என்றால் கணக்குப்படி 1,800 வாட் மணி. மாற்றும்போது இழப்பது, முழுதும் வடியவிடாமல் மிச்சம் வைப்பது எல்லாம் போக 1,000க்கு மேல் கையில் நிற்கும். லேப்டாப்புக்கு 50 வாட், ஃபேனுக்கு 70, ரௌட்டருக்கு 15 என்று வைத்தால் ஏழெட்டு மணி நேரம் ஓடும். பழைய ஃபேனை மாற்றி, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் போட்டால் அதன் பங்கு பாதிக்கும் கீழே இறங்கும். ஏசி அந்தக் கணக்கில் வராது. நெட்டைப் பொறுத்தவரை டவுன்லோடு எவ்வளவு என்று எல்லாரும் சொல்வார்கள். அப்லோடு எவ்வளவு என்று மாலை ஏழு மணிக்குச் சோதித்துப் பாருங்கள். வீடியோ காலுக்கு 4 எம்பிபிஎஸ் நிலையாக வந்தால் போதும், அது நிலையாக வருகிறதா என்பதே கேள்வி. ஃபைபர் கொடுப்பவரின் சிம்மையே மாற்று ஏற்பாடாக வைக்காதீர்கள். ஒன்று படுத்தால் பல சமயம் இரண்டும் படுத்துவிடும்.

ஊரில் வீட்டுக்குள்ளேயே உட்கார முடியும் என்று யார் நம்பலாம்? மச்சில், அதாவது மாடியில், கதவுள்ள அறை இருக்கிறவர்கள். வீட்டில் ஏற்கெனவே யாராவது வாத்தியாராகவோ கணக்காளராகவோ வீட்டில் உட்கார்ந்து வேலை செய்து, அதை எல்லாரும் பார்த்துப் பழகிய குடும்பங்கள். என் சித்தி வீட்டில் மச்சு இருக்கிறது. ஆனால் அங்கே நெல் மூட்டையும் சித்தப்பாவின் பழைய சாமான்களும் கிடக்கின்றன. அதைக் காலி செய்ய சித்தப்பா சம்மதிப்பாரா என்பதைத் தங்கச்சிதான் கேட்க வேண்டும்.

மாடி அறை

அம்மா சொன்ன வார்த்தையிலிருந்துதான் இந்த யோசனை வந்தது. ஆபீஸ் போனால் கூப்பிட மாட்டார்கள் என்றால், ஆபீஸ் போய்விடுவோம். இரண்டு தெரு தள்ளி ஓர் ஆச்சி தனியாக இருக்கிறார். மாடியில் இரண்டு அறை. ஒன்றை மாதம் 3,500க்குக் கொடுத்தார். இன்னொரு நெட் இணைப்பு 600 ரூபாய். தச்சரிடம் சொல்லி ஒரு மேஜை செய்தேன். இன்வெர்ட்டரை அங்கே வைத்தேன். இரண்டு வருடம் பட்டாசலில் தீராத பிரச்சினை ஒரே வாரத்தில் தீர்ந்தது. ஒன்பது மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு பையோடு கிளம்புகிறேன். முதல் நாளே அம்மா டிபன் கட்டிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து சிலிண்டர்காரன் என்னைத் தேடவில்லை. மாலையில் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி நடக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது என்று உடம்புக்குத் தெரிகிறது.

நகரங்களில் இதையே கோ-வொர்க்கிங் என்ற பொது அலுவலக இடத்தில் வாடகைக்கு மேஜை எடுத்துச் செய்கிறார்கள். வேளச்சேரிப் பக்கம் விசாரித்தபோது மாதம் 6,000, 7,000 என்றார்கள். சிறிய ஊர்களில் அப்படி இடம் அபூர்வம், ஆனால் நிலைமை மாறுகிறது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011இலிருந்து அலுவலகம் நடத்துகிறது. விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி ஆகிய ஊர்களில் 2024இல் அரசு சிறிய டைடல் பூங்காக்களை, அதாவது தகவல் தொழில்நுட்ப அலுவலகக் கட்டடங்களை, திறந்தது. சொந்த ஊரில் மேஜை தேடுகிறவர்கள் முதலில் பக்கத்து ஊர்களில் என்ன வந்திருக்கிறது என்று பார்க்கலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரவு ஷிஃப்ட் இருப்பவர்களுக்கு இது சரிவராது. பதினொரு மணிக்கு ஆளில்லாத தெருவில் பெண் தனியாக நடந்து வருவதை எந்த வீட்டிலும் ஒப்பமாட்டார்கள், எனக்கும் மனம் ஒப்பாது. எனக்கு மாலை ஏழு மணிக்குள் வேலை முடிந்துவிடும், அதற்கு மேல் வரும் கால்களை வீட்டிலிருந்து எடுக்கிறேன். கழிப்பறை கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்று அறை பார்க்கும்போதே பாருங்கள். வெட்கப்பட்டு விட்டுவிட்டால் பின்னால் கஷ்டம். நிறுவனத்தின் அனுமதி முக்கியம். வாடிக்கையாளர் விவரங்களைக் கையாளும் வேலை என்றால், பதிவு செய்த வீட்டு முகவரியைத் தவிர வேறு இடத்தில் லேப்டாப்பைத் திறக்கக்கூடாது என்று சில இடங்களில் விதி உண்டு. நான் அறையின் முகவரியைக் கொடுத்து, பூட்டு உள்ள தனி அறை என்று எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கினேன். தனிமையும் இருக்கிறது. அந்த அறையில் எட்டு மணி நேரமும் நான் மட்டும்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவதால் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

உடம்பைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன், இது மூன்று வழிக்கும் பொது. முதல் வருடம் ஹாலில் சாய்ந்து உட்கார்ந்து வேலை பார்த்து எனக்குக் கழுத்துவலி வந்தது. விலை உயர்ந்த நாற்காலி வாங்கினேன், பாதிதான் குறைந்தது. லேப்டாப்பைக் கண்மட்டத்துக்குத் தூக்கும் ஸ்டாண்டும் தனிக் கீபோர்டும் வாங்கிய பிறகே வலி விட்டது. இரண்டும் சேர்ந்து 1,500 ரூபாய்தான். மேஜையின் வழக்கமான உயரம் 29, 30 அங்குலம். நம்மைப் போல ஐந்தடி உயரமுள்ள பெண்களுக்கு அது அதிகம், தோள் தூக்கியே இருக்கும். தச்சரிடம் 27 அங்குலத்தில் செய்யச் சொல்லுங்கள்.

பணம்

14,000 வாடகை மிச்சம் என்றால் வருடத்துக்கு 1,68,000. அதிலிருந்து கழிக்க வேண்டியவை இவை. அறை வாடகையும் நெட்டும் சேர்ந்து வருடத்துக்கு 49,200. இன்வெர்ட்டர், மேஜை, நாற்காலி முதல் வருடத்தில் 40,000 அளவில் ஆகும். பழைய வரிமுறையில் இருப்பவருக்கு வீட்டு வாடகைப்படிக் கழிவு போகும். அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால், வாடகையில் அதன் பத்து சதவீதம் போக 11,000க்கு மாதாமாதம் வரிவிலக்கு கிடைத்திருக்கும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு வருடத்தில் 26,400 இழப்பு. புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. எல்லாம் போக முதல் வருடத்தில் 50,000க்குக் கொஞ்சம் மேல் மிஞ்சும். வீட்டுக்கு அவள் கொடுக்கப்போகும் பணத்தையும் சென்னைக்குப் போய்வரும் செலவையும் கழித்தால் அது இன்னும் குறையும். இரண்டாம் வருடத்திலிருந்துதான் உண்மையான மிச்சம். அதற்குள் திரும்பக் கூப்பிட்டுவிட்டால் புதிதாக முன்பணம், லாரி வாடகை, தரகர்.

ரயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 'வர திங்கட்கிழமை ஆபீஸ் வந்துடுங்க' என்று வியாழக்கிழமை சொன்னால் தட்கலைத் தவிர வழியில்லை. அதுவும் தீபாவளி, பொங்கலை ஒட்டி என்றால் பேருந்துதான்.

பதவி உயர்வைப் பற்றியும் கேட்டாள். சீட்ரிப் ஆய்வில், ஒரே அளவு வேலைத்திறன் காட்டியவர்களில் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்தது. அதே நிறுவனம், இப்போது டிரிப்.காம் என்று பெயர், பின்னால் 1,612 பேரை வைத்து இன்னோர் ஆய்வு நடத்தியது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீட்டிலிருந்து வேலை. 2024இல் வெளியான அதன் முடிவில் பதவி உயர்வில் வித்தியாசம் இல்லை, வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். நாலு பேர் கண்ணில் அடிக்கடி படுவதற்குப் பலன் இருக்கத்தான் செய்கிறது என்று இரண்டையும் சேர்த்து வைத்து நான் புரிந்துகொள்கிறேன். 27 வயதில் அடுத்த படி ஏற நினைப்பவளுக்கு இது முக்கியம். 40ஐ நெருங்கும் எனக்கு அப்பாவின் பக்கத்தில் இருப்பது அதைவிட முக்கியம். அதனால் எனக்குச் சரியாக இருக்கும் மாடி அறை அவளுக்கும் சரி என்று என்னால் எழுத முடியவில்லை.

அவளுக்கு நான் சொன்னது இதுதான். சித்தி வீட்டு மச்சு காலியாகாது என்றால் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்க்க வராதே. மேடவாக்கம் வீட்டுக்காரரிடம் இப்போது ஒன்றும் சொல்லாதே, ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கிறது. அதில் ஒரு மாதத்தை இங்கே வந்து கழி. சாரல் மாதத்தில் வந்தால் யாருக்கும் இந்த ஊர் பிடித்துவிடும், அதனால் ஐப்பசி அடைமழையில் வா. கரண்ட் போகட்டும், நெட் படுக்கட்டும், சொந்தக்காரர்கள் வரட்டும். ஷிஃப்டை அந்த ஒரு மாதத்துக்குப் பகலுக்கு மாற்றித் தருவார்களா என்று மேனேஜரிடம் கேள். தராவிட்டால் அதுவே ஒரு பதில், அப்போது சென்னையில் இரண்டு அறை வீடு பார்.

பகல் ஷிஃப்ட் கிடைத்துவிட்டதாக நேற்று செய்தி அனுப்பியிருக்கிறாள். என் அறைக்குப் பக்கத்து அறை இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. ஒரு மாதத்துக்கு மட்டும் தருவீர்களா என்று ஆச்சியிடம் கேட்டேன். அந்த அறையில் ஜன்னல் கொக்கி உடைந்திருக்கிறது, மழை உள்ளே அடிக்கும், பிள்ளை வருவதற்குள் மாட்டி வைத்துவிடுகிறேன் என்றார்.